மழைக்கு முன்னே முடிக்க வேண்டியவை: சுரங்க நீர் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

திறந்தவெளிச் சுரங்கத்தின் சுற்றுச்சூழல் பிரிவில் புதிதாகச் சேர்பவருக்கு முதலில் சுற்றிக் காட்டுவது பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்தைத்தான். பெயின்ட் அடித்த தொட்டிகள், டோசிங் பம்புகள், சுவரில் ஒரு வரைபடம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஜூனில் கோவாவிலோ ஒடிசாவிலோ, நவம்பரில் நெய்வேலியிலோ ஒரு ராத்திரி வானம் பொத்துக்கொண்டால் எவ்வளவு பெரிய நிலையமும் திணறிவிடும். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அத்தனை தண்ணீரையும் சுத்திகரிக்க யாரும் நிலையம் கட்டமாட்டார்கள்.

வெப்பமண்டலச் சுரங்கத்தில் முதல் வேலை நல்ல தண்ணீரைக் கெட்ட தண்ணீரோடு சேரவிடாமல் வைப்பது. சேர்ந்துவிட்டால் மொத்தமும் கெட்ட தண்ணீர்க் கணக்கில் போய்விடும். சுத்திகரிப்பு கடைசியில் வருவது. கீழே உள்ள படிகளையும் அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன்.

1. நடந்து பாருங்கள், தண்ணீரைப் பிரித்துப் பெயர் வையுங்கள்

கான்டூர் வரைபடம் (நிலத்தின் மேடுபள்ளத்தைக் கோடுகளால் காட்டுவது) ஒன்றை எடுத்துக்கொண்டு குத்தகை எல்லையை ஒரு சுற்று நடந்து வாருங்கள். மேட்டிலிருந்து சுரங்கத்தை நோக்கி இறங்கும் ஓடைகள் எவை, சுரங்கத்திலிருந்து ஊர்ப் பக்கம் இறங்குபவை எவை என்று குறியுங்கள். வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம். போன வருஷம் கொட்டிய டம்ப் (கழிவு மண், பாறைக் குவியல்) ஒன்று ஓடையின் போக்கையே மாற்றியிருக்கும். வரைபடத்தில் அது இன்னும் ஏறியிருக்காது.

அப்புறம் தண்ணீரை வகை பிரியுங்கள். இதற்கு நல்ல முன்மாதிரி ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில், காக்கடு தேசியப் பூங்காவால் சூழப்பட்ட ரேஞ்சர் யுரேனியச் சுரங்கம். 2021 தொடக்கத்தில் ஆலை நின்றுபோனது. ஆனாலும் அதன் நீர்ப் பிரிவினை படிக்கத் தகுந்தது. ஆலைக்குள் ரசாயனத்தோடு கலந்தது ஒரு வகை. தாதுக் குவியல் மீதும் குழியிலும் விழுந்து தேங்கியது இரண்டாவது வகை. தாதுவைத் தொடாத நிலத்தில் விழுந்து, சோதித்தபின் வெளியே விடத் தகுந்தது மூன்றாவது. மூன்றுக்கும் தனித்தனிக் குளம், தனித்தனி வழி. வருஷத்துக்குச் சுமார் 1,500 மி.மீ. மழை, அதுவும் கிட்டத்தட்ட முழுவதும் நவம்பர் முதல் ஏப்ரல் வரைக்குள் பெய்யும் இடம் அது. பிரிக்காமல் அங்கே ஒரு பருவம்கூடத் தள்ள முடியாது.

நெய்வேலியில் பிரிவினை வேறு மாதிரி. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு இருக்கும் ஊற்று நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் குழியின் அடித்தளம் மேலே புடைக்காமல் இருக்கும். அந்த ஊற்று நீர் சுத்தமானது. சென்னைக் குடிநீருக்கும்கூட அங்கிருந்து தண்ணீர் போயிருக்கிறது. குழிக்குள் விழும் மழைநீரோ சேறு. இரண்டையும் ஒரே குழாயில் விட்டால் நஷ்டம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் சுரங்கத்தில் இரண்டு வகை இருக்கலாம், நான்கு இருக்கலாம். வரைபடத்தில் வண்ணம் வண்ணமாகத் தீட்டி, ஷிஃப்ட் ஃபோர்மேன் அறையில் ஒட்டிவிடுங்கள். எந்தப் பம்பின் டெலிவரி எந்தக் குளத்துக்கு என்று ராத்திரி ஷிஃப்டில் இருக்கும் பம்ப் ஆபரேட்டருக்கும் தெரிய வேண்டும்.

2. மழையைக் கன மீட்டராக மாற்றுங்கள்

ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை விழுந்தால் 10 கன மீட்டர் தண்ணீர். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், தினமும் உதவும்.

40 ஹெக்டேர் குழி, ஒரு நாளில் 100 மி.மீ. மழை என்று வையுங்கள். மொத்தம் 40,000 கன மீட்டர். மண்ணும் பாறை இடுக்கும் குடித்தது போக 70 சதவீதம் ஓடிவந்தால் 28,000. மணிக்கு 200 கன மீட்டர் இறைக்கும் பம்ப் இரண்டு, நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் 8,000. ஆக, குழி வற்ற மூன்றரை நாள். அதற்குள் இன்னொரு மழை வராது என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மேலாளரிடம் காட்டினால் கூடுதல் பம்ப் கேட்பது எளிதாகும். நீளமான அறிக்கையைவிட இந்த ஒரு தாள் வேலை செய்யும்.

தண்ணீர் சேர்த்து இறைப்பதற்கான சம்ப் பள்ளத்தைக் குழியின் மிகத் தாழ்ந்த பெஞ்சில் (படித் தளத்தில்) மழைக்கு முன்பே தோண்டி வைக்க வேண்டும். பம்பை மிதவையில் வைத்தால் நீர்மட்டம் ஏறும்போது அதுவும் ஏறும். மோட்டாரும் ஸ்டார்ட்டரும் மூழ்கிய பிறகு பம்ப் எத்தனை இருந்தும் பிரயோஜனம் இல்லை.

பழைய மழை விவரங்களை வானிலைத் துறையிடமிருந்து வாங்கலாம். ஆனால் சுரங்கத்திலேயே ஒரு மழைமானி வையுங்கள், முடிந்தால் நிமிடக் கணக்கில் பதியும் வகை. இந்த ஊர் மழையில் தீமை செய்வது நாள் மொத்தம் அல்ல, அந்த உக்கிரமான 40 நிமிடம்.

3. கார்லண்ட் டிரெயின்: காசுக்கு அதிகப் பலன் தருவது

குழியையும் டம்ப்பையும் சுற்றி வெட்டும் வடிகாலைச் சுரங்கத்தில் எல்லோரும் கார்லண்ட் டிரெயின் என்றுதான் சொல்வார்கள். மேட்டுத் தண்ணீர் குழிக்குள் வராமல் திருப்பிவிடுவது ஒன்று. டம்ப்பிலிருந்து வழியும் சேற்றுத் தண்ணீரைப் பிடித்து, சேறு அடியில் படிந்து தெளியும் செட்டிலிங் குளத்துக்குக் கொண்டுபோவது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு வடிகால்கள். ஒன்றோடொன்று சேரக்கூடாது. நடந்து பார்த்தால் எங்கோ ஒரு மூலையில் சேர்ந்துதான் இருக்கும், தேடுங்கள்.

இந்தியாவில் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதங்களில் வழக்கமாக ஒரு நிபந்தனை வரும்: திடீர்ப் பெருமழையின் உச்ச ஓட்டத்துக்கு மேல் 50 சதவீதம் பாதுகாப்பு வைத்து வடிகாலும் சம்ப்பும் அமைய வேண்டும். உங்கள் கடிதத்தை எடுத்து அந்த வரியைத் தேடிப் படியுங்கள். பிறகு கணக்கு இப்படி:

உச்ச ஓட்டம் = ஓட்டக் குணகம் (விழும் மழையில் ஓடிவரும் பங்கு) × மழை வேகம் (மணிக்கு மி.மீ.) × பரப்பு (ஹெக்டேர்) ÷ 360. விடை விநாடிக்குக் கன மீட்டரில் வரும்.

20 ஹெக்டேர் சரிவு, மணிக்கு 60 மி.மீ. வேகம், குணகம் 0.7 என்றால் 2.3 கன மீட்டர். 50 சதவீதம் சேர்த்தால் 3.5. அடி அகலம் 1 மீட்டர், நீர் ஆழம் 1 மீட்டர், பக்கச் சரிவு ஒன்றுக்கு ஒன்று என்று வெட்டினால் குறுக்குப் பரப்பு 2 சதுர மீட்டர். தண்ணீர் விநாடிக்கு 1.75 மீட்டர் வேகத்தில் ஓடினால் 3.5 சரியாகப் போகும். ஆனால் அந்த வேகத்தை வெறும் மண் வடிகால் தாங்காது, அடியை அரித்துக்கொண்டு போய்விடும். கல் பதிக்க வேண்டும், அல்லது நடுநடுவே தடுப்புகள் வைக்க வேண்டும். நீர்மட்டத்துக்கு மேல் 30 செ.மீ.யாவது கரை வேண்டும்.

கல் தடுப்புகள் வைக்க ஒரு விதி உண்டு: கீழ்த் தடுப்பின் உச்சியும் மேல்த் தடுப்பின் அடியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். 20-க்கு 1 சரிவில் அரை மீட்டர் உயரத் தடுப்பு என்றால் இடைவெளி 10 மீட்டர். தடுப்பின் நடுவைப் பக்கங்களைவிடத் தாழ்த்தி விடுங்கள். தட்டையாகக் கட்டினால் தண்ணீர் ஓரமாகப் புகுந்து கரையை அறுத்துவிடும். புதிதாகக் கட்டுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

4. டம்ப்பும் ரோடும்

செட்டிலிங் குளத்தில் சேரும் சேறு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் எல்லோரும் டம்ப்பைக் கை காட்டுவார்கள். பாதி உண்மை. மீதி ஹால் ரோடு, அதாவது டம்பர் லாரிகள் ஓடும் சுரங்க ரோடு. நூறு டன் டம்பர்கள் ஓடி ஓடி மாவாக அரைத்த தூசியின்மேல் கோடை முழுக்கத் தண்ணீர் லாரி தெளித்திருக்கும். முதல் மழையில் அத்தனையும் குழம்பாக இறங்கும். ரோட்டின் ஓர மண்கரை நீளத்துக்கும் அடைத்து நிற்பதால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் ரோட்டிலேயே ஆறாக ஓடி, திருப்பத்தில் ஒரே இடத்தில் உடைத்துக்கொண்டு போகும். அதனால் ஓரக் கரையில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு திறப்பு, திறப்புக்குக் கீழே சிறிய சேற்றுக் குழி. டம்பர் பாதுகாப்புக்காக அந்தக் கரை வைத்திருக்கிறார்கள் என்பதால், எங்கே திறக்கலாம் என்பதை மைன்ஸ் மேனேஜரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

டம்ப்பின் மேல்தளம் வெளி விளிம்பை நோக்கிச் சரியக்கூடாது, உள்நோக்கிச் சரிய வேண்டும். தேங்கும் தண்ணீரைக் கல் பதித்த சரிவு வாய்க்கால் வழியாகக் கீழே இறக்குங்கள். டம்ப்பின் அடியில் தடுப்புச் சுவர், அதையடுத்து வடிகால். வேலை முடிந்த சரிவுகளில் மழைக்கு முன்பே புல் பிடிக்க வேண்டும். வெட்டிவேர் இதற்கு அருமையான செடி, வேர் நேராக ஆழமாக இறங்கும். மரக்கன்று நட்டுப் புகைப்படம் எடுப்பதெல்லாம் இரண்டாவது. முதல் பருவத்தில் மண்ணைப் பிடிப்பது புல்தான்.

5. செட்டிலிங் குளம்

ஆழமாக வெட்டினால் நன்றாகத் தெளியும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. தெளிவதற்குத் தேவை பரப்பு. ஆழம் சேறு தங்குவதற்கு மட்டும்.

நம் ஊர்ச் சூட்டில் இருக்கும் தண்ணீரில் 50 மைக்ரான் மணல் துகள் ஒரு மீட்டர் இறங்கச் சுமார் 7 நிமிடம். 10 மைக்ரான் வண்டலுக்கு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2 மைக்ரான் களிமண்ணுக்குக் கிட்டத்தட்ட மூன்று நாள், அதுவும் குளம் அசையாமல் இருந்தால். விநாடிக்கு அரை கன மீட்டர் வரும் குளத்தில் 10 மைக்ரான் துகளைப் பிடிக்க வேண்டுமென்றால் 5,000 சதுர மீட்டர், அதாவது அரை ஹெக்டேர் பரப்பு வேண்டும். நடைமுறையில் இன்னும் கூட்டித்தான் வைக்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் குளம் முழுதும் பரவி ஓடுவதில்லை. நுழைவாயிலிலிருந்து வெளிவாய்க்குக் குறுக்கு வழி கண்டுபிடித்துவிடும். குளத்தை நீளமாக வெட்டுங்கள், இல்லையென்றால் நடுவே தடுப்புச் சுவர் வைத்துச் சுற்றி வரச் செய்யுங்கள். நுழைவாயில் பக்கம் சின்னதாக ஒரு முன்குளம் இருந்தால் கனமான மண் அங்கேயே நின்றுவிடும். எக்ஸ்கவேட்டர் எட்டும் தூரத்தில் வையுங்கள்.

லேட்டரைட் என்னும் செம்மண் உள்ள கோவா, ஒடிசாவின் கியோஞ்சர் மாதிரி இரும்புத் தாது இடங்களில் களிமண் அளவுத் துகள் ஏராளம். சிவப்புத் தண்ணீர் நாள்கணக்கில் அப்படியே நிற்கும். அங்கே படிகாரமோ பாலிமரோ போட வேண்டிவரும். எவ்வளவு என்பதை ஜார் டெஸ்ட் சொல்லும். ஆறு பீக்கரில் ஒவ்வொரு லிட்டர் குளத்து நீர். 0, 10, 20, 30, 40, 50 மி.கி. படிகாரம்; ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, 15 நிமிடம் மெதுவாகக் கலக்கி, அரை மணி நேரம் விடுங்கள். எந்தெந்த பீக்கர் கண்ணாடிபோல் தெளிகிறதோ அவற்றில் மிகக் குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். மழை மாறினால் மண்ணும் மாறும், எனவே அடிக்கடி செய்ய வேண்டும். படிகாரம் பி.எச். அளவைக் குறைக்கும்; 6-க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து மீனுக்கு ஆபத்து. பாலிமர் வாங்கும்போது நேர்மின் வகையைத் தவிர்த்து எதிர்மின் வகையைக் கேளுங்கள். நேர்மின் வகை மீனின் செவுளில் ஒட்டிக்கொள்ளும்.

(குளம் வெட்டினால் கொசுவும் கூடவே வரும். ஒடிசாவின் சுரங்கப் பகுதிகளில் மலேரியா பழகிய சங்கதி. ஓரத்துப் புதரை வெட்டி வையுங்கள். சுற்றிலும் வேலி போடுங்கள், ஆடு மேய்க்க வரும் பிள்ளைகளுக்காக.)

6. உங்கள் பாறையிலிருந்து என்ன கரைகிறது?

சேறு கண்ணுக்குத் தெரியும். கரைந்திருப்பது தெரியாது. மூன்று கேள்விகள் கேளுங்கள், முதல் இரண்டும் ஜியாலஜிஸ்ட்டோடு உட்கார்ந்து.

பாறையில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) உண்டா? காற்றும் தண்ணீரும் பட்டால் பைரைட் கந்தக அமிலமாக மாறும், பாக்டீரியா அதை இன்னும் விரைவுபடுத்தும். சூடும் ஈரமும் இருக்கும் நம் பிரதேசங்களில் இது தாமதமில்லாமல் நடக்கும். ஒரு டன் பாறையில் பைரைட் கந்தகம் 1 சதவீதம் இருந்தால், முழுவதும் வினைபட்டால் சுமார் 30 கிலோ அமிலம். மேகாலயாவின் ஜயந்தியா மலைகளில் கந்தகம் மிகுந்த நிலக்கரி எலிப்பொந்துச் சுரங்கங்களிலிருந்து வழிந்த அமிலம் ஆறுகளையே கெடுத்தது. அங்குள்ள லூக்கா ஆறு குளிர்காலத்தில் நீல நிறமாக மாறும். 2014-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த முறைக்குத் தடை விதித்தது. பைரைட் பாறையைத் தனியே ஒதுக்கி, களிமண் மூடி, தண்ணீரும் காற்றும் புகாமல் வைப்பதுதான் வழி. கலந்து கொட்டிவிட்டால் பிறகு காலத்துக்கும் சுண்ணாம்பு போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆஸ்திரேலியாவின் ரம் ஜங்கிள் சுரங்கம் 1971-இல் மூடப்பட்டது, 1980-களில் ஒரு முறை சீரமைக்கப்பட்டது, பிறகும் அமிலம் நிற்கவில்லை.

குரோமைட்டா? இந்தியக் குரோமைட்டில் பெரும்பகுதி ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்துச் சுகிந்தா பள்ளத்தாக்கில்தான். தாதுவில் இருக்கும் குரோமியம் சாதுவானது; அங்குள்ள மண்ணில் அது ஆறு இணைதிற வடிவத்துக்கு மாறி நீரில் கரைகிறது, அதுதான் நச்சு. குழி நீர் லேசான மஞ்சளாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். தெளிவாக இருந்தாலும் சோதியுங்கள். ஃபெரஸ் சல்ஃபேட், நாட்டு மருந்துக்கடையில் அன்னபேதி என்பார்கள், அதைப் போட்டால் மூன்று இணைதிற வடிவத்துக்குத் திரும்பி ஹைட்ராக்சைடாகப் படியும். கணக்குப்படி 1 மி.கி. குரோமியத்துக்கு 16 மி.கி. அன்னபேதி, தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனும் அதைத் தின்னும் என்பதால் கூடுதலாகத்தான் போட வேண்டியிருக்கும். வெளியே விட வரம்பு லிட்டருக்கு 0.1 மி.கி. படிந்த சேறு அபாயகரக் கழிவு. சும்மா டம்ப்பில் கொண்டுபோய்க் கொட்ட முடியாது.

மூன்றாவது கேள்வி ஜியாலஜிஸ்ட்டுக்கு அல்ல, பிளாஸ்டிங் ஆட்களுக்கு. ஈரத் துளையில் ஏ.என்.எஃப்.ஓ. வெடிமருந்து போடுகிறார்களா? அதில் 94 சதவீதம் அம்மோனியம் நைட்ரேட், உரம் மாதிரிக் கரையும். குழி நீரில் நைட்ரேட் ஏறினால் முதலில் இங்கே பாருங்கள். ஈரத் துளைக்குத் தண்ணீரில் எளிதில் கரையாத எமல்ஷன் வகை, கீழே சிந்தியதைப் பெருக்கி எடுப்பது, இவை இரண்டும் போதும்.

டெயிலிங்ஸ் (தாதுவைப் பிரித்தபின் மிஞ்சும் கழிவுச் சேறு) அணை இருக்கும் சுரங்கமென்றால் அது தனிப் படிப்பு, தனிப் பொறியாளர்கள் வேலை. உங்கள் பங்கு, அணைக்குள் தேங்கும் நீர்மட்டத்தைத் தினமும் பதிவது, மேட்டு மழைநீர் அதற்குள் போகாமல் பார்ப்பது. வருஷத்துக்கு 8 மீட்டருக்கு மேல் மழை பெய்யும் பப்புவா நியூ கினியின் ஓக் டெடியில் 1984-இல் கட்டிக்கொண்டிருந்த அணையின் அஸ்திவாரமே நிலச்சரிவில் போனது. அதன்பின் கழிவு ஆற்றிலேயே விடப்பட்டது. பிரேசிலின் புருமாடின்யோவில் 2019 ஜனவரி 25 அன்று அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள்.

7. மாதிரி எடுப்பது

பருவத்தின் முதல் நல்ல மழையை விட்டுவிடாதீர்கள். கோடை முழுக்கப் பாறை மேல் காய்ந்த உப்புகள் எல்லாம் அதில்தான் கரைந்து வரும். வருஷத்தின் மோசமான எண்கள் பெரும்பாலும் அன்றைக்குத்தான். பாட்டில்கள், பெட்டி, ஐஸ் எல்லாம் மே மாதமே தயாராக இருக்க வேண்டும்.

ஓடையில் சுரங்கத்துக்கு மேலே ஒன்று, வெளிவாயில் ஒன்று, கீழே நன்றாகக் கலந்த இடத்தில் ஒன்று. மேலே எடுக்காமல் கீழே மட்டும் எடுத்தால், ஊர்க் கழிவும் உங்கள் கணக்கில் சேரும். பி.எச்., வெப்பநிலை, மின்கடத்துத் திறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) மூன்றும் அந்த இடத்திலேயே அளக்க வேண்டும். ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் பி.எச். மாறிவிடும். கரைந்த உலோகத்துக்கு 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்த பிறகுதான் நைட்ரிக் அமிலம் விட வேண்டும். வரிசை மாறினால் சேற்றில் இருந்த உலோகமும் கரைந்து எண் எகிறும். ஆறு இணைதிறக் குரோமிய பாட்டிலில் அந்த அமிலமே கூடாது. குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும்.

இந்தியாவில் நிலத்து நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்குப் பொது வரம்பு: பி.எச். 5.5 முதல் 9.0, மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மி.கி., எண்ணெய்ப்பசை 10 மி.கி. உங்கள் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியில் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். அதுதான் உங்களைக் கட்டுப்படுத்தும்.

வரம்புக்குள் இருந்தால் ஆறு நலம் என்று அர்த்தமில்லை. ரேஞ்சரின் கீழே ஓடும் மகேலா ஓடை நீரில் உப்பே மிகக் குறைவு. வேறு இடத்தில் யாரும் கண்டுகொள்ளாத மெக்னீசியம்கூட அங்கே உயிர்களைப் பாதிக்கும். அதனால் அங்கே ஓடையிலேயே நத்தைகளைக் கூண்டில் வைத்து, நாலு நாளில் அவை இடும் முட்டைகளை மேலேயும் கீழேயும் எண்ணி ஒப்பிட்டார்கள். நம்மால் அந்த அளவு முடியாவிட்டாலும், மின்கடத்துத் திறனைத் தொடர்ந்து பதியும் ஒரு கருவியைக் கீழ் ஓடையில் வைக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது வால்வைத் திறந்தால் காலையில் அந்தக் கருவியின் பதிவு காட்டிக்கொடுத்துவிடும்.

8. மழை நாளிலும், மழைக்குப் பிறகும்

மழை விட்டதும் வடிகால் நெடுக ஒரு நடை. கல்வெர்ட் (ரோட்டடிப் பாலம்) வாயில் கிளைகளும் பாலிதீனும் அடைத்திருக்கும். கம்பியோடு ஒரு ஆள் கூட வரட்டும். மின்னல் அடிக்கும்போதும் வெள்ளம் ஓடும்போதும் குளக்கரையில் தனியாக நிற்காதீர்கள். தண்ணீர் திறப்பதற்கு முன் கீழ் ஊரின் ஊராட்சித் தலைவருக்கு ஒரு போன். வயலில் நாற்று நிற்கிறதா, ஓடையில் துணி துவைக்கிறார்களா என்று அவருக்குத்தான் தெரியும். மண் படிந்த வயலுக்கு நஷ்டஈடு பேசப் போகும் நாளில் இந்த போன் எவ்வளவு மலிவு என்று தெரியவரும்.

பருவம் முடிந்ததும் குளத்தில் கழி விட்டுச் சேற்றின் ஆழத்தை ஐந்தாறு இடங்களில் அளந்து குறியுங்கள். கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்திருந்தால் தூர்வார வேண்டும். வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் திரும்ப உள்ளே வந்துவிடும். காயவைத்து, சோதித்து, டம்ப்பின் உள்பக்கம் கொண்டுபோங்கள். சுற்றுச்சூழல் அனுமதி நிபந்தனை அறிக்கை ஜூன் 1, டிசம்பர் 1 என்று வருஷத்துக்கு இரண்டு முறை போக வேண்டும். டிசம்பர் அறிக்கைக்கு இந்தச் சேற்று அளவே அடிப்படை. அதை வைத்துத்தான் அடுத்த மழைக்கு முன்குளத்தைப் பெரிதாக்க வேண்டுமா, மேட்டில் இன்னொரு தடுப்பு போதுமா என்று முடிவெடுப்பீர்கள். அந்த வேலைக்கான டெண்டர் ஜனவரிக்குள் போகாவிட்டால் மே மாதத்தில் மண் வெட்ட ஆள் கிடைக்காது.